லூப், ஃபங்ஷன் மண்டைல ஏறலையா? ஒரு தடவ பேப்பர்ல ஓட்டிப் பாருங்க

நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் விஷயம் தெரியட்டும். பி.காம் முடிச்சிருக்கீங்க, வேலைக்கு போயிட்டே ராத்திரில பைத்தான் ப்ரோக்ராமிங் கத்துக்கறீங்க, வேரியபிள், இஃப்-எல்ஸ் வரைக்கும் ஜாலியா போச்சு, லூப் வந்ததும் சறுக்குச்சு, ஃபங்ஷன் வந்ததும் சுத்தமா நின்னுடுச்சு. வீடியோ பாக்கும்போது எல்லாம் புரியுது, மூடி வச்சிட்டு தனியா எழுத உக்காந்தா ஒரு வரி கூட வரல. பிரிண்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் என்ன வித்தியாசம், லூப்புக்குள்ள லூப் எப்படி ஓடுது, இதெல்லாம் புரியாமலே அடுத்த பாடத்துக்கு தாவிடலாமா, இல்ல நமக்கு இந்த வேலையே ஒத்து வராதான்னு கேட்டிருக்கீங்க.

ஒத்து வரும், பயப்படாதீங்க. ஆனா தாவாதீங்க. இந்த ரெண்டுலயும் ஓட்டை இருந்தா அதுக்கப்புறம் வர எல்லாமே ஒழுகும்.

லூப்ல எல்லாரும் சறுக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க எழுதின ப்ரோக்ராம் எல்லாம் மேலேந்து கீழ, ஒரு வரி ஒரு தடவ ஓடும், படிச்சா கத மாதிரி புரியும். லூப்ல அதே வரி திரும்பத் திரும்ப ஓடுது, ஒவ்வொரு தடவையும் வேரியபிள்ல இருக்கற மதிப்பு மாறிட்டே போகுது, ஸ்க்ரீன்ல எழுத்து மாறல ஆனா உள்ள நடக்கறது மாறுது. அந்த மாறுற மதிப்ப நம்ம மண்டைல புடிச்சு வச்சுக்க முடியல, அவ்வளவுதான் பிரச்சினை. வீடியோல சொல்லிக்கொடுக்கறவர் அத தன் மண்டைல ஏற்கனவே ஓட்டிப் பாத்துட்டுதான் பேசறார், நீங்க அவர் ஓட்டினத கேக்கறீங்க, நீங்க ஓட்டல. இப்படி ஒவ்வொரு வரியா கைல ஓட்டிப் பாக்கறத காலேஜ் லேப்ல ட்ரை ரன்னு சொல்லுவாங்க, எக்ஸாமுக்கு ரெண்டு மார்க் கேள்வின்னு நெனச்சு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. என்னக் கேட்டா ஆரம்பத்துல கத்துக்க வேண்டிய ஒரே வித்தை அதுதான். பேப்பர், பேனா, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குறுக்கு வரிசை. பி.காம்ங்கறீங்க, லெட்ஜர் போட்ட கைக்கு இது புதுசே இல்ல.

கீழ கோட எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதறேன், வாய்விட்டு படிக்க சுலபமா இருக்கும். வைல், ஃபார், டெஃப், பிரிண்ட் மாதிரி பைத்தானோட சொந்த வார்த்தைங்கள மட்டும் நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. வேரியபிள் பேர, ஃபங்ஷன் பேர எல்லாம் தமிழ்லயே வச்சாலும் ஓடும், பைத்தான் 3 வந்ததுலேந்தே அதுக்கு வசதி இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியறதில்ல. இன்னொண்ணு, இங்கிலீஷ் வரலங்கற பயத்துலயே சில பேர் ஒதுங்கறாங்க. பைத்தான்ல மொத்தமே முப்பத்தஞ்சு கீவேர்டுதான் (மொழி தனக்குன்னு ஒதுக்கி வச்ச வார்த்தைங்க), இப்ப நமக்கு வேண்டியது அதுல ஒரு பத்து. முழுக்கத் தமிழ்லயே எழுதணும்னா முத்தையா அண்ணாமலை உருவாக்கின எழில்னு ஒரு மொழி இருக்கு, சின்னப் பசங்களுக்கு லூப் சொல்லிக்கொடுக்க நல்லா இருக்கும், ஆனா நீங்க வேலைக்காகக் கத்துக்கறதால பைத்தான்லயே இருங்க.

சரி, கணக்குக்கு வருவோம். பத்தாயிரம் ரூபா கைமாத்து வாங்கியாச்சு, நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, அதாவது மாசம் 2 சதவீதம், மிச்சம் இருக்கற கடனுக்கு மட்டும்தான் வட்டி. மாசா மாசம் 3,000 கட்டறோம். எத்தனை மாசத்துல தீரும்?

கடன் = 10000
மாசம் = 0
வைல் கடன் > 0:
    கடன் = கடன் + கடன் * 2 / 100 - 3000
    மாசம் = மாசம் + 1
பிரிண்ட்(மாசம்)

ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மாசம் = மாசம் + 1 பாத்து ஸ்கூல் கணக்கு ஞாபகம் வந்து குழம்பறவங்க நெறைய, அது எப்படி ஒரு நம்பரும் அதோட ஒண்ணு கூட்டினதும் சமம் ஆகும்னு. இது சமன்பாடு இல்ல, கட்டளை. வலது பக்கம் இருக்கறத மொதல்ல கணக்கு போடு, வர விடைய இடது பக்கம் இருக்கற பேர்ல எழுதி வை, அதுல ஏற்கனவே இருந்தது போயிடும். வலது முடிஞ்சுதான் இடது. இந்த வரிசை மனசுல பதியலன்னா ட்ரை ரன் பூரா தப்பாதான் வரும்.

இப்ப பேப்பர எடுங்க. ஆரம்பத்துல கடன் 10000, மாசம் 0. கடன் பூஜ்யத்த விட பெருசா? ஆமா, உள்ள போ. வட்டி 200 ஏறி 10200, அதுல 3000 போக 7200. மாசம் 1. உள்ள இருக்கற வரி முடிஞ்சுது, மறுபடி மேல போயி அதே கேள்வி: 7200 பூஜ்யத்த விட பெருசா? ஆமா. வட்டி 144, மொத்தம் 7344, கட்டினது போக 4344, மாசம் 2. மறுபடி. வட்டி 86.88, மிச்சம் 1430.88, மாசம் 3. மறுபடி. வட்டி 28 ரூபா 62 பைசா, 1459.50 ஆச்சு, அதுல 3000 போனா மைனஸ் 1540.50, மாசம் 4. மேல போயி கேட்டா மைனஸ் பூஜ்யத்த விட பெருசு இல்ல, வெளிய வா, பிரிண்ட் பண்ணு. விடை 4.

அந்த மைனஸ கவனிச்சீங்களா? கடன் பாதியிலயே தீந்துடுச்சு, ஆனா லூப் அத நடுவுல கவனிக்கல. வைல் பக்கத்துல எழுதின நிபந்தனைய கம்ப்யூட்டர் சுத்தோட ஆரம்பத்துல மட்டும்தான் பாக்கும், உள்ள ஓடிட்டு இருக்கும்போது நிபந்தனை பொய்யாயிட்டாலும் அந்த சுத்து முழுசா முடிஞ்சுதான் திரும்பிப் பாக்கும். இத வார்த்தைல சொன்னா யார் மனசுலயும் நிக்காது, அந்த மைனஸ் 1540.50 ஒரு தடவ கைல எழுதினா நிக்கும். மாசம் 4ங்கற விடை சரிதான், ஆனா மொத்தம் எவ்வளவு கட்டினோம்னு கேட்டா 12,000 இல்ல, கடைசி மாசம் 1,459.50 கட்டினா போதும். அந்த மொத்தத்த சரியா கணக்கு போடற மாதிரி கோட நீங்களே மாத்துங்க, 10,459.50 வரணும்.

அடுத்து ஒரு வேலை பண்ணுங்க, கோட வேணும்னே கெடுங்க. மாசம் = 0ங்கற வரிய லூப்புக்குள்ள தள்ளுங்க, என்ன வரும்னு ஓட்டாம பேப்பர்ல சொல்லுங்க. ஒவ்வொரு சுத்துலயும் பூஜ்யமாகி ஒண்ணாகும், கடைசில 1னு வரும். எண்ணிக்கை வைக்கற வேரியபிள், கூட்டுத்தொகை வைக்கற வேரியபிள் எல்லாம் லூப்புக்கு வெளிய பொறக்கணும்னு ரூலா மனப்பாடம் பண்றத விட இந்த 1 எப்படி வந்துச்சுன்னு பாத்தா மறக்காது. அப்பறம் மாசம் = 0ஐ பழைய எடத்துலயே வச்சிட்டு பிரிண்ட்ட உள்ள தள்ளுங்க, 1, 2, 3, 4னு நாலு வரி வரும். பைத்தான்ல எது லூப்புக்குள்ள எது வெளியங்கறது முன்னாடி விட்ட இடைவெளியில மட்டும்தான் இருக்கு, அந்த நாலு ஸ்பேஸ் ஒரு ஆளோட தலையெழுத்தையே மாத்தும்.

இப்ப 3000ன்னு இருக்கற எடத்துல 200 போடுங்க. மாசம் வட்டி 200, கட்டறதும் 200, கடன் 10000லயே நிக்கும், ப்ரோக்ராம் முடியவே முடியாது, கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தணும். வட்டி மட்டும் கட்டிட்டு இருக்கறவங்களோட கதையும் இதேதான், அசல் அசையவே அசையாது. 150 போட்டா இன்னும் மோசம், கடன் ஏறிட்டே போகும், ஒவ்வொரு சுத்துலயும் கடன பிரிண்ட் பண்ணிப் பாத்தா கொஞ்ச நேரத்துல நம்பர் பிதுங்கி 'இன்ஃப்'னு வரும், அதாவது முடிவிலி, அந்த முடிவிலியும் பூஜ்யத்த விட பெருசுங்கறதால லூப் அப்பவும் நிக்காது. முடிவில்லா லூப்னு சொல்றது எப்பவும் இந்த மாதிரிதான் வரும், எந்த மதிப்ப வச்சு நிபந்தனை கேக்கறோமோ அந்த மதிப்பு நிபந்தனை பொய்யாகற திசைல நகரல. லூப் எழுதி முடிச்சதும் கேக்க வேண்டிய கேள்வி: ஒவ்வொரு சுத்துலயும், எந்த வழியா போனாலும், இது கொஞ்சமாவது நகருதா?

எந்த வழியா போனாலும்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, பெரிய கம்பெனிக்காரங்களே இதுல கவுந்திருக்காங்க. மைக்ரோசாஃப்ட் 'ஸூன்'னு ஒரு பாட்டு கேக்கற கருவி வித்துட்டு இருந்தாங்க, ஐபாடுக்கு போட்டியா 2006 நவம்பர்ல வந்தது. 2008 டிசம்பர் 31 அன்னிக்கு அதோட 30 ஜிபி மாடல் எல்லாம் ஒட்டுமொத்தமா ஆன் ஆகாம அப்படியே உறைஞ்சு போச்சு. காரணம் உள்ள கடிகார கோட்ல இருந்த ஒரு வைல் லூப். 1980 ஜனவரி 1லேந்து எத்தனை நாள் ஆச்சுங்கற எண்ணிக்கைய வச்சு இது எந்த வருஷம்னு கண்டுபிடிக்கற வேலை அதுக்கு. அது சி மொழில இருந்தது, நம்ம பாணில எழுதினா:

வைல் நாள் > 365:
    இஃப் லீப்_வருஷமா(வருஷம்):
        இஃப் நாள் > 366:
            நாள் = நாள் - 366
            வருஷம் = வருஷம் + 1
    எல்ஸ்:
        நாள் = நாள் - 365
        வருஷம் = வருஷம் + 1

படிச்சா தப்பே தெரியாது, நல்லா யோசிச்சு எழுதின மாதிரிதான் இருக்கு. டிசம்பர் 31, 2008க்கு ஓட்டிப் பாருங்க. முந்தின வருஷம் எல்லாம் கழிஞ்சு வருஷம் 2008, நாள் 366னு வந்து நிக்கும். 366 பெருசா 365ஐ விட? ஆமா, உள்ள போ. 2008 லீப் வருஷமா? ஆமா. 366 பெருசா 366ஐ விட? இல்ல. அந்த இஃப்புக்கு எல்ஸ் கிடையாது, ஒண்ணும் நடக்காம மறுபடி மேல, நாள் அதே 366. சுத்திட்டே இருக்க வேண்டியதுதான். பேட்டரி தீரட்டும், அப்பறம் ஜனவரி 1 மதியம் கிரீன்விச் நேரத்துக்கு மேல சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்கன்னு கம்பெனி சொல்லிச்சு. சிரிப்பா இருக்கும், ஆனா அதையும் ஓட்டிப் பாத்தா சரிதான்: மறுநாள் 367, அது 366ஐ விட பெருசு, கழிச்சா 1, வருஷம் 2009, லூப் முடிஞ்சுது. 2006ல வந்த கருவி சந்திச்ச முதல் லீப் வருஷமே 2008தான், அதனால அதுவரைக்கும் மாட்டல. ஒரே ஒரு நாள் மட்டும் வர இந்த மாதிரி தப்ப சும்மா ஓட்டி டெஸ்ட் பண்ணி புடிக்கறது கஷ்டம், பேப்பர்ல 365, 366, 367 மூணையும் போட்டுப் பாத்தா பத்து நிமிஷத்துல புடிச்சிடலாம். உங்க லூப் எதுவா இருந்தாலும் எல்லைல இருக்கற நம்பர், அதுக்கு ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, இந்த மூணையும் ஓட்டுங்க.

ஃபார் லூப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. எத்தனை சுத்துன்னு முன்னாடியே தெரிஞ்சா, இல்ல ஒரு லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் எடுக்கணும்னா ஃபார், எப்ப முடியும்னு தெரியாம ஒரு நிபந்தனைக்காக காத்திருந்தா வைல். எல்லாரையும் கடுப்பேத்தறது ரேஞ்ச்தான், ரேஞ்ச்(1, 11) போட்டா 1லேந்து 10 வரைக்கும்தான் வரும், 11 வராது. ஏன் இப்படி வச்சாங்கன்னா, கடைசிலேந்து ஆரம்பத்த கழிச்சா எத்தனை சுத்துன்னு நேரா வந்துடும், 11 கழிச்சல் 1, பத்து சுத்து. ரேஞ்ச்(0, 5) முடிஞ்ச எடத்துல ரேஞ்ச்(5, 10) ஆரம்பிக்கும், எதுவும் ரெண்டு தடவ வராது, எதுவும் விட்டுப் போகாது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராங்கற டச்சுக்காரர் எண்ணறத ஏன் பூஜ்யத்துலேந்து ஆரம்பிக்கணும், கடைசி எண்ண ஏன் சேக்கக் கூடாதுன்னு 1982லயே ஒரு சின்ன குறிப்பு எழுதி வாதாடியிருக்கார், அந்த வழக்கம்தான் இது. பழகிட்டா இதுதான் வசதின்னு நீங்களே சொல்லுவீங்க.

லூப்புக்குள்ள லூப்புக்கும் அதே பேப்பர்தான், புதுசா ஒண்ணும் இல்ல. வெளி லூப் ஒரு சுத்து போறதுக்குள்ள உள் லூப் முழுசா ஓடி முடிஞ்சிடும், அடுத்த வெளி சுத்துல உள் லூப் மறுபடி முதல்லேந்து. 1லேந்து 12 வரைக்கும் வாய்ப்பாடு பிரிண்ட் பண்ணினா உள்ள இருக்கற வரி 144 தடவ ஓடும். ஆயிரம் பேர் இருக்கற லிஸ்ட்ல ஒவ்வொருத்தரையும் எல்லாரோடயும் ஒப்பிட்டா பத்து லட்சம் தடவ. இத மட்டும் இப்ப ஞாபகம் வச்சுக்கோங்க, வேகத்தப் பத்தின பாடம் பின்னாடி வரும்போது உதவும். நம்ம ஊர் இன்டர்வியூல ஸ்டார் பேட்டர்ன் கேட்டு கேட்டு சாகடிக்கறாங்க, முக்கோணம், வைரம்னு. ரெண்டு மூணு போட்டுப் பாருங்க போதும். அதுல நாள் பூரா உக்காந்திருக்கறது வேஸ்ட்டுன்னு நான் நெனைக்கறேன், ஸ்பேஸ் எண்ணறதுல கெட்டிக்காரர் ஆவீங்க, வேற ஒண்ணும் வராது.

இப்ப ஃபங்ஷன். இங்க சொல்லிக்கொடுக்கற வரிசையே தப்புன்னு எனக்குத் தோணுது. எடுத்த எடுப்புல டெஃப், ப்ராக்கெட், பாராமீட்டர், ஆர்க்யுமென்ட்னு ஆரம்பிச்சு ரெண்டு நம்பர கூட்டற ஃபங்ஷன் எழுத சொல்லுவாங்க, கூட்டறதுக்கு எதுக்குய்யா ஃபங்ஷன், பிளஸ் போட்டா ஆச்சேன்னு கத்துக்கறவனுக்கு தோணும், தோணறது நியாயம்தான். மொதல்ல ஃபங்ஷன் இல்லாம எழுதுங்க, அது ஓடட்டும், அப்பறம் அதே வேலைய வேற நம்பருக்கு செய்யணும்னு தேவை வரட்டும், அப்ப மாத்துங்க. நம்ம கடன் கோடயே எடுத்துக்கலாம். அதுல 10000, 2, 3000 மூணும் ஆளுக்கு ஆள் மாறும், மத்தது மாறாது. மாறறத ப்ராக்கெட்டுக்குள்ள கொண்டு போனா ஃபங்ஷன் ரெடி:

டெஃப் எத்தனை_மாசம்(கடன், வட்டி, கட்டு):
    மாசம் = 0
    வைல் கடன் > 0:
        கடன் = கடன் + கடன் * வட்டி / 100 - கட்டு
        மாசம் = மாசம் + 1
    ரிட்டர்ன் மாசம்

இத அடிச்சு ரன் பண்ணினா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது. அங்கயே பாதி பேர் வேலை செய்யலன்னு நெனச்சுடறாங்க. டெஃப்ங்கறது இந்த வேலைய இப்படி செய்யணும்னு சொல்லி வைக்கறது, செய்யறது இல்ல. எத்தனை_மாசம்(10000, 2, 3000)னு கூப்பிட்டாதான் செய்யும். கூப்பிடும்போது கடனுக்கு 10000, வட்டிக்கு 2, கட்டுக்கு 3000னு வரிசைப்படி போயி உக்காரும். வரிசை மாத்தி எத்தனை_மாசம்(2, 10000, 3000)னு குடுத்தா கம்ப்யூட்டர் முகம் கூட சுளிக்காது, ரெண்டு ரூபா கடன், பத்தாயிரம் சதவீத வட்டின்னு எடுத்துகிட்டு 1னு விடை குடுத்துட்டு போயிடும். எரர் வந்தா பரவால்ல, இந்த மாதிரி அமைதியா வர தப்புதான் ஆள கவுக்கும். சந்தேகமா இருந்தா கூப்பிடும்போது கடன்=10000, வட்டி=2, கட்டு=3000னு பேர் போட்டே குடுங்க, வரிசை எப்படி இருந்தாலும் சரியா போகும்.

நீங்க கேட்ட முக்கியமான கேள்வி, பிரிண்ட்டா ரிட்டர்னா. பிரிண்ட் பண்ணினா மனுஷன் கண்ணுக்குக் காட்டறது, காட்டினதோட சரி, ப்ரோக்ராம் கைல ஒண்ணும் மிஞ்சாது. ரிட்டர்ன் பண்ணினா ஃபங்ஷன கூப்பிட்ட எடத்துக்கு அந்த மதிப்பு திரும்பி வருது, அத வச்சு மேல கணக்கு போடலாம், வேரியபிள்ல வைக்கலாம், இஃப்ல கேக்கலாம். பேப்பர்ல ஓட்டும்போது இப்படி பண்ணுங்க: எத்தனை_மாசம்(10000, 2, 3000)ங்கற மொத்தத்தையும் ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு அதுக்கு மேல 4னு எழுதுங்க. ரிட்டர்ன் அதத்தான் செய்யுது. மிச்சம் = 12 - எத்தனை_மாசம்(10000, 2, 3000)ங்கறது மிச்சம் = 12 - 4 ஆயிடும், 8.

இப்ப அந்த ஃபங்ஷன்ல கடைசி வரிய பிரிண்ட்(மாசம்)னு மாத்திட்டு அதே கழித்தல ஓட்டுங்க. ஸ்க்ரீன்ல 4 வரும், அடுத்த நிமிஷம் டைப் எரர் வரும், அதுல 'நன்டைப்'னு ஒரு வார்த்தை இருக்கும். ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷன் எதுவா இருந்தாலும் பைத்தான் தானா 'நன்'னு ஒண்ண திருப்பி அனுப்பும், ஒண்ணுமில்லன்னு அர்த்தம், பன்னெண்டுலேந்து ஒண்ணுமில்லைய எப்படி கழிக்கறதுன்னு அது முழிக்குது. ஸ்க்ரீன்ல எங்கேந்தோ நன் நன்னு வருது, நான் எழுதவே இல்லையேன்னு கேக்கறவங்க எல்லாரும் பிரிண்ட் பண்ற ஃபங்ஷன இன்னொரு பிரிண்ட்டுக்குள்ள வச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க.

இதுல குழப்பம் தீராம இருக்கறதுக்கு பைத்தானும் ஒரு காரணம், யாரும் இத சொல்றதில்ல. மூணு அம்புக்குறி வந்து நிக்குமே அந்த ஷெல், அதுல ஃபங்ஷன கூப்பிட்டா ரிட்டர்ன் ஆன மதிப்ப அதுவே காட்டிடும். பிரிண்ட் பண்ணினாலும் 4, ரிட்டர்ன் பண்ணினாலும் 4, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியும். அங்கயே பழகறவங்களுக்கு வித்தியாசமே தெரியாம போயிடுது, ஃபைல்ல எழுதி ஓட்டும்போது விடை காணாமப் போனதும் திகைக்கறாங்க. அதனால ஃபங்ஷன் பழகற வரைக்கும் ஷெல்ல விட்டுட்டு ஃபைல்ல எழுதி ஓட்டுங்க. கணக்கு போடற ஃபங்ஷன் ரிட்டர்ன் பண்ணட்டும், காட்டற வேலை வெளிய இருக்கட்டும்.

ரிட்டர்னோட இன்னொரு குணம், அது வந்த அடுத்த நொடி ஃபங்ஷன் முடிஞ்சுது, லூப் நடுவுல இருந்தாலும் சரி. மேல இருக்கற கோட்ல ரிட்டர்ன் மாசம்ங்கற வரிய இன்னும் நாலு ஸ்பேஸ் உள்ள தள்ளிட்டா, முதல் சுத்து முடிஞ்சதும் மாசம் 1னு திருப்பிட்டு கெளம்பிடும், எந்தக் கடன் குடுத்தாலும் விடை 1. என் லூப் ஒரே ஒரு தடவதான் ஓடுதுன்னு சொல்றவங்க கோட்ல முக்காவாசி இதுதான் இருக்கும். பிரேக்குக்கும் இதுக்கும் வித்தியாசம்: பிரேக் அந்த லூப்ப விட்டு மட்டும் வெளிய வரும், ரிட்டர்ன் ஃபங்ஷன விட்டே போயிடும்.

இந்த திரும்பி வர வேலை ஒண்ணும் சாதாரணம் இல்லங்க. கேம்பிரிட்ஜ்ல எட்சாக்னு ஒரு கம்ப்யூட்டர் 1949 மே மாசம் ஓட ஆரம்பிச்சுது, அடிக்கடி வேண்டிய கணக்குகள ஓட்டை போட்ட காகித நாடாவுல தனித்தனியா எழுதி லைப்ரரி மாதிரி சேத்து வச்சிருந்தாங்க. பிரச்சினை என்னன்னா ஒரே துண்டு கோட ப்ரோக்ராமோட பத்து எடத்துலேந்து கூப்பிட்டா, முடிஞ்சதும் எந்த எடத்துக்கு திரும்பணும்னு அதுக்கு எப்படி தெரியும்? டேவிட் வீலர்னு ஒருத்தர், அப்ப மாணவர்தான், கூப்பிடற எடமே தன்னோட முகவரிய குடுத்துட்டுப் போகும், அந்தத் துண்டு கோட் தன் கடைசி கட்டளைய அந்த முகவரிக்கு தாவற மாதிரி திருத்தி எழுதிக்கும்னு ஒரு வழி கண்டுபிடிச்சார். இன்னிக்கும் அதுக்கு வீலர் தாவல்னுதான் பேர். இன்னிக்கு பைத்தான் அத நமக்காக சத்தமில்லாம பாத்துக்குது.

உள்ள வெளிய பிரச்சினை ஒண்ணு பாக்கி இருக்கு. ஃபங்ஷன்ல கடன் மைனஸ் வரைக்கும் கொறைஞ்சுதே, வெளிய கடன் = 10000னு ஒரு வேரியபிள் வச்சிருந்தா அதுவும் கொறைஞ்சிடுமா? கொறையாது. பேர் ஒண்ணா இருந்தாலும் ஃபங்ஷனுக்குள்ள இருக்கறது வேற ஆள், ஃபங்ஷன் முடிஞ்சதும் அது போயிடும். பேப்பர்ல ஃபங்ஷனுக்கு தனியா ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள அதோட வேரியபிள எழுதுங்க, ரிட்டர்ன் வந்ததும் கட்டத்தையே அடிச்சிடுங்க, குழப்பமே வராது. லிஸ்ட்ட அனுப்பினா கொஞ்சம் வேற மாதிரி, உள்ள அப்பெண்ட் பண்ணினா, அதாவது கடைசில ஒண்ண சேத்தா, வெளியிலயும் தெரியும், அத லிஸ்ட் பாடத்துல பாத்துக்கலாம்.

கடைசியா ரெண்டையும் சேத்து ஓட்டுவோம்:

ஃபார் தொகை இன் [3000, 2000, 1000, 500, 250]:
    பிரிண்ட்(தொகை, எத்தனை_மாசம்(10000, 2, தொகை))

4, 6, 12, 26, 82னு வரும். 500 கட்டினா 26 மாசம், அதுல பாதி 250 கட்டினா 52 இல்ல, 82 மாசம், கிட்டத்தட்ட ஏழு வருஷம், மொத்தம் 20,300 ரூபாய்க்கு மேல போயிடும். ஃபங்ஷன் எதுக்குன்னு கேட்டா இதுக்குத்தான், ஒரு தடவ எழுதி வச்சுட்டு கேள்விய மட்டும் மாத்தி மாத்தி கேக்கலாம். லிஸ்ட்ல 200 சேத்தா தொங்கிடும்னு ஏற்கனவே பாத்தோம், அதனால ஃபங்ஷனோட முதல் வரியா இஃப் கட்டு <= கடன் * வட்டி / 100 ஆ இருந்தா ரிட்டர்ன் நன்னு போட்டுடுங்க. இந்தக் கடன் தீரவே தீராதுன்னு லூப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடும்.

பழகறதுக்கு பைத்தான் ட்யூட்டர்னு ஒரு இலவச தளம் இருக்கு, ஃபிலிப் குவோங்கற பேராசிரியர் உருவாக்கினது, கோட ஒட்டினா ஒவ்வொரு வரியா ஓட்டி வேரியபிள கட்டம் போட்டு காட்டும். மொதல்ல பேப்பர்ல நீங்க ஓட்டிட்டு அப்பறம் அதுல சரி பாருங்க, மாத்தி பண்ணினா வீடியோ பாத்த கதைதான். சாட்ஜிபிடிகிட்டயும் கோட் எழுதிக் குடுன்னு கேக்காதீங்க, எழுதிக் குடுத்துடும், அதுதான் பிரச்சினை. என் ட்ரை ரன் இது, எந்த சுத்துல தப்பு பண்ணியிருக்கேன்னு கேளுங்க, அதுக்கு அது நல்ல ஆள்தான்.

பயிற்சிக்கு நெறைய வேணாம். ஒரு வார்த்தைல எத்தனை தடவ ஒரு எழுத்து வருதுன்னு எண்ணற ஃபங்ஷன், லிஸ்ட்ல பெரிய நம்பர் எதுன்னு சொல்ற ஃபங்ஷன் (மேக்ஸ்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அத தொடாம எழுதுங்க, லிஸ்ட்ல எல்லாமே மைனஸா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சு எழுதுங்க), ஒரு நம்பர் பகா எண்ணான்னு ட்ரூ இல்ல ஃபால்ஸ் திருப்பற ஃபங்ஷன். அப்பறம் யூக்ளிட்டோட மீப்பெரு பொதுக் காரணி, பெரிய நம்பர சின்னதால வகுத்து மீதிய எடுத்துட்டே போறது. 48, 18 குடுத்தா 18, 12 ஆகி, 12, 6 ஆகி, 6, 0 ஆகி 6ல முடியும். ரெண்டே வேரியபிள், ரெண்டும் ஒரே நேரத்துல மாறணும், ஒண்ண மாத்தினதும் பழைய மதிப்பு போயிடும், அத எப்படி சமாளிக்கறீங்கன்னு பாருங்க, நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த பாடத்துக்கு தாவிடலாமான்னு கேட்டீங்கல்ல. அந்தப் பகா எண் ஃபங்ஷன வேற எங்கயும் பாக்காம எழுதி, 1, 2, 9 மூணுக்கும் கைல ஓட்டி விடை சரியா சொல்ல முடிஞ்சா போலாம். 1க்கும் 9க்கும் ஃபால்ஸ் வரணும், 2க்கு ட்ரூ வரணும், இந்த மூணுல ஒண்ணுலயாவது முதல் தடவ மாட்டுவீங்க, மாட்டினது எந்த சுத்துன்னு பேப்பர் சொல்லும். அதுக்கப்புறம் லிஸ்ட்டும் டிக்ஷனரியும் எடுங்க. க்ளாஸ் பக்கம் இப்ப போகாதீங்க, வெப்சைட் கட்டற ஜாங்கோவும் இப்ப வேணாம், யார் அவசரப்படுத்தினாலும் சரி.